‘எனவே’வை எங்கே போடுவது?

“நெகிழி தீமையானது. எனவே அதை நாம் அனைவரும் அறிவோம். இருப்பினும் மாடுகள் அதைத் தின்று இறக்கின்றன. ஆகையால் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை உள்ளது. மாறாக மஞ்சப்பை நல்லது.”

பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுதிக் கொடுத்தது. ஐந்து வாக்கியத்தில் நான்கு இணைப்புச் சொல். ‘ஆகையால்’ மட்டும் ஏதோ அதிர்ஷ்டத்தில் சரியான இடத்தில் விழுந்திருக்கிறது. மற்ற மூன்றும் வழி தவறி வந்தவை. அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அதற்கு முந்தைய வாரம்தான் வகுப்புச் சுவரில் நான் ஒரு சார்ட் ஒட்டியிருந்தேன். பச்சை மார்க்கரில் 40 சொற்கள்: எனவே, ஆகவே, ஆதலால், இருப்பினும், மாறாக, அதுமட்டுமன்றி... “கட்டுரையில் இதையெல்லாம் சேர்த்தால் நன்றாக இருக்கும்” என்று வேறு சொல்லிவைத்தேன். சேர்த்துவிட்டான். தாளித்த கடுகைப் போல மேலாகத் தூவியிருந்தான்.

கடலூர் முதுநகர்ப் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஒன்பது, பத்துக்குத் தமிழ் எடுக்கிறேன். கரையோரக் குப்பங்களிலிருந்து வரும் பிள்ளைகள் பாதிப் பேர். மீதிப் பேரின் வீட்டில் சிப்காட்டில் ஷிப்ட் வேலை, மளிகைக் கடை, ஆட்டோ. வாதக் கட்டுரைக்கும் விளக்கக் கட்டுரைக்கும் வேண்டிய சொற்களை இவர்களுக்கு எப்படிக் கொடுப்பது என்று சார்ட்டைக் கிழித்த நாளிலிருந்து தடவித் தடவிக் கண்டுபிடித்ததை எழுதுகிறேன். உங்கள் வகுப்புக்கு எது ஒத்துவருமோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சண்டையைக் கேளுங்கள்

எங்கள் பத்தாம் வகுப்பில் இரண்டு மின்விசிறி. ஓடுவது ஒன்று. அதன் கீழே யார் உட்காருவது என்று தினமும் சண்டை. ஒரு நாள் நான் தலையிடாமல், வருகைப் பதிவேட்டுக்குப் பின்னால் ஒரு தாளை வைத்து அப்படியே எழுதிக்கொண்டேன்.

“போன வாரம் பூரா நீதான உக்காந்த.”
“அதுக்காக? எனக்கு வேர்க்குதுல்ல.”
“எல்லாருக்குந்தான் வேர்க்குது.”
“நான்தான் காலையில மொதல்ல வந்தேன்.”
“அப்படிப் பாத்தா வாட்ச்மேன் தாத்தாதான் அங்க உக்காரணும்.”

கடைசி வரியைக் கேட்டு எனக்கே கை தட்டத் தோன்றியது. எதிராளி சொன்ன விதியை அப்படியே ஒப்புக்கொண்டு, அதை நீட்டிக்கொண்டுபோய், அது எங்கே போய் முட்டுகிறது என்று காட்டிவிட்டாள். இதைச் சொல்லித்தர எனக்கு மூன்று பாடவேளை ஆகியிருக்கும். அவளுக்கு ஒரு மூச்சு.

அடுத்த வகுப்பில் அந்தத் தாளைக் கரும்பலகையில் எழுதினேன். இடப்பக்கம் அவர்கள் பேசியது. வலப்பக்கம் காலி. “இதையே கலெக்டருக்கு மனுவாக எழுதினால் எப்படி எழுதுவீர்கள்?” என்று கேட்டேன். திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு மனு எழுத அப்பா அம்மாவோடு போன பிள்ளைகள் வகுப்பில் நாலைந்து பேராவது இருப்பார்கள், அதனால் அந்த மொழி அவர்களுக்கு அந்நியம் இல்லை. வலப்பக்கம் மெல்ல நிறைந்தது. ‘அப்படிப் பாத்தா’வுக்கு எதிரே ‘அவ்வாறாயின்’. ‘அதான் சொல்றேன்’ என்பதற்கு ‘எனவேதான்’. ‘நீ சொல்றது கரெக்ட்டுதான், ஆனா’ என்பதற்கு ‘என்பது உண்மையே, எனினும்’. ‘அதை வுடு’ என்பதற்கு ‘அது ஒருபுறமிருக்க’. ‘எங்க, காட்டு பாக்கலாம்’ என்பதற்கு ‘இதற்குச் சான்று என்ன?’

இந்த இரண்டு பத்திப் பட்டியலைத் தமிழ் நோட்டின் கடைசிப் பக்கத்திலிருந்து பின்னோக்கி எழுதிவரச் சொல்லுங்கள். ஒரு வாரம் அவகாசம் கொடுத்து வீட்டிலும் தெருவிலும் மீன் ஏலம் விடும் இடத்திலும் காதில் விழுவதைப் பிடித்துவரச் சொல்லுங்கள். அச்சில் எழுத முடியாத வார்த்தைகளும் வரத்தான் செய்யும். அதற்கு நான் பொறுப்பில்லை என்று முதலிலேயே தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டேன்.

சொல்லுக்கு அர்த்தம் சொல்லாதீர்கள்

‘எனினும் என்றால் இருந்தாலும்’ என்று அர்த்தம் சொல்லிக் கொடுத்தால் பிள்ளைகளுக்கு ஒன்றும் ஏறாது. அந்தச் சொல் அடுத்த வாக்கியத்தை என்ன செய்யச் சொல்கிறது என்பதுதான் அவர்கள் பிடிக்க வேண்டியது. அதற்கு நான் செய்வது இது. ஒரே ஒரு வாக்கியத்தைப் பலகையில் எழுதுவேன்:

“இந்த வருடம் பண்ருட்டியில் பலா நன்றாகக் காய்த்திருக்கிறது.”

அதன் பக்கத்தில் ஒவ்வொரு சொல்லாக எழுதி, அடுத்த வாக்கியத்தைக் கேட்பேன். ‘எனவே’ என்று போட்டதும், “பழம் விலை எறங்கும்” என்று பின்பெஞ்சிலிருந்து வந்தது. ‘அதாவது’ என்று போட்டால், எவ்வளவு நன்றாக என்பதை உடைத்துச் சொல்ல வேண்டும்: “ஒரு மரத்தில் போன வருடத்தைப்போல இரண்டு பங்கு.” ‘எனினும்’ போட்டபோது ஒரு பெண், “எனினும் எங்க வீட்டுக்கு இன்னும் ஒரு சுளைகூட வரல” என்றாள். அருமை. நல்லது நடந்திருக்கிறது, அதிலிருந்து நாம் எதிர்பார்த்தது நடக்கவில்லை. ‘எனினும்’ என்ற சொல்லின் முழு வேலையும் அந்தச் சுளையில் இருக்கிறது.

‘மாறாக’ போட்டதும் வகுப்பு அமைதியாகிவிட்டது. என்ன சொன்னாலும் ஒட்டவில்லை. ஒட்டாது. ‘மாறாக’ வர வேண்டுமென்றால் முதல் வாக்கியத்தில் ஓர் ‘இல்லை’ இருக்க வேண்டும். “விலை இறங்கவில்லை, மாறாக ஏறியது.” நான் விதியாகச் சொல்லியிருந்தால் மறந்திருப்பார்கள். தாங்களே முட்டி நின்றதால் நினைவில் நின்றுவிட்டது.

ஒரு சலுகையும் கொடுங்கள். எனினும், ஆயினும், இருப்பினும் மூன்றும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். எனவே, ஆகவே, ஆதலால், ஆகையால் இன்னொரு வீடு. இவற்றுக்குள் நுணுக்க வேறுபாடு தேடி வகுப்பு நேரத்தைக் கரைக்க வேண்டாம். வீட்டுக்கு ஒருவரைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். என் 40 சொல் இப்படித்தான் 12 ஆனது. அந்தப் பன்னிரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு சரியாகப் போடத் தெரிந்த பிறகு மற்றவை தானாக வந்து சேரும்.

அப்புறம், இணைப்புச் சொல் என்றதும் தனிச்சொல்லை மட்டுமே பார்க்கிறோம். தமிழில் பாதி வாதம் சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 2015 வெள்ளத்தை வைத்து இதைக் காட்டினேன். ‘கடலூரில் வெள்ளம் வந்தது’ வெறும் செய்தி. ‘கடலூரிலும் வெள்ளம் வந்தது’ என்றால் வேறோர் ஊரிலும் வந்தது என்று சேர்த்துச் சொல்கிறீர்கள். ‘கடலூரில்கூட’ என்றால் இங்கே வரும் என்று யாரும் நினைக்கவில்லை என்கிறீர்கள். ‘கடலூரில் மட்டும்’ என்றால் வேறெங்கும் வரவில்லை என்று நீங்கள் நிரூபித்தாக வேண்டும், அது பெரிய சுமை. என் பிள்ளைகள் ‘கடலூரில்தான்’ என்று ஒற்றைக் காலில் நின்றார்கள். எல்லாரும் சென்னையையே பேசிக்கொண்டிருந்தார்கள் என்று வீட்டில் இன்னும் ஆதங்கம் இருக்கிறது. சரி, ஆதங்கம் நியாயம்தான். ஆனால் சென்னையும் மூழ்கியதே, ‘தான்’ என்று எழுதினால் அதை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். நீண்ட நேரம் பேசிவிட்டு ஒருவன் எழுதினான்: “சென்னை பேசப்பட்டது; கடலூரும் மூழ்கியது.” அந்த ‘உம்’முக்கு முழு மதிப்பெண் போட்டேன்.

பூனையும் மலையும்

கூற்று, காரணம், எடுத்துக்காட்டு என்ற மூன்றையும் பிரித்துக் காட்ட எனக்கு உதவியது மணிமேகலை. 29-ஆவது காதையில் அறவண அடிகள் காஞ்சியில் மணிமேகலைக்குத் தருக்கம் சொல்லிக்கொடுக்கிறார். பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம் என்று ஐந்து உறுப்பு. அங்கே வரும் எடுத்துக்காட்டு இதுதான்: இந்த மலையில் நெருப்பு இருக்கிறது, ஏனென்றால் புகை இருக்கிறது, அடுக்களையைப் போல. துறவு பூண்டவர்கள் பேசும் தருக்கத்துக்கு நடுவே ஓர் அடுப்பங்கரை வந்து நிற்பது எனக்கு எப்போதும் பிடிக்கும். பிள்ளைகளுக்கு ஐந்தும் வேண்டாம், முதல் மூன்று போதும். பெயரைக்கூட ‘கூற்று, காரணம், எடுத்துக்காட்டு’ என்று மாற்றிக்கொண்டேன்.

கடலூரில் மலைக்கு எங்கே போவது? எங்கள் தெருவையே எடுத்துக்கொண்டேன். “தெருமுனையில் மீன்காரம்மா வந்துவிட்டார். ஏனென்றால் நாலு பூனை அங்கே நிற்கிறது. நேற்றும் அப்படித்தான் நின்றன, மீன்காரம்மா இருந்தார்.”

மூன்று வரியையும் எழுதி முடிக்கவில்லை, ஒரு பையன் எழுந்தான். “அம்மா, பால் பாக்கெட் ஒடஞ்சிருந்தாலும் பூனை வருமே?” இன்னொருத்தி: “செவ்வாக்கெழமை எங்க தெருவுல பூனை நிக்கும், மீன் வராது. பழக்கத்துல நிக்குது.” வகுப்பே பூனைகளைப் பற்றித் தனக்குத் தெரிந்ததையெல்லாம் கொட்டியது. நெருப்பில்லாமல் புகையாது. ஆனால் மீன் இல்லாமலும் பூனை நிற்கும். காரணம் கூற்றைத் தாங்கவில்லை.

இந்த இடத்தில்தான் அளவுச் சொற்களை உள்ளே விட வேண்டும். இதற்கு முன்னால் சொன்னால் அவை இலக்கணம். இப்போது சொன்னால் தேவை. “சரி, காரணம் பலவீனம். கூற்றை விட்டுவிடப் போகிறோமா, இல்லை குறைத்துச் சொல்லப் போகிறோமா?” என்று கேட்டேன். ‘வந்துவிட்டார்’ என்பதை ‘வந்திருக்கக்கூடும்’ என்று மாற்றினார்கள். ‘பெரும்பாலும்’ சேர்த்தார்கள். ஒருத்தி பாடத்தில் படித்த ‘போலும்’ என்பதைக் கொண்டுவந்து, “மீன்காரம்மா வந்தார் போலும்” என்று எழுதினாள். செய்யுளுக்கு வெளியே அந்தச் சொல்லைப் பயன்படுத்தலாமா என்று அவளுக்கே சந்தேகம். தாராளமாகப் பயன்படுத்தலாம்.

அன்றிலிருந்து ‘எல்லா’, ‘எப்போதும்’, ‘அனைவரும்’ என்ற மூன்றையும் எங்கள் வகுப்பில் விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டும். எழுதியவர் எழுந்து நிற்பார். யாராவது ஒரு விதிவிலக்கைக் காட்டினால் ‘பல’, ‘பெரும்பாலும்’, ‘பலர்’ என்று இறங்க வேண்டும். ‘அனைவரும் அறிவோம்’ என்று தொடங்கும் முன்னுரைகள் இப்படித்தான் எங்கள் பள்ளியில் குறைந்தன.

இதோடு ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுங்கள். எடுத்துக்காட்டும் சான்றும் ஒன்றல்ல. ‘எங்கள் பக்கத்து வீட்டு அண்ணன் செல்போனால் கெட்டுப்போனார்’ என்பது எடுத்துக்காட்டு. நீங்கள் சொல்வது என்ன மாதிரியான விஷயம் என்பதை அது காட்டும், அதைத் தாண்டி ஒன்றையும் நிரூபிக்காது. அண்ணன் வேறு காரணத்தால் கெட்டிருக்கலாம். கூற்றை நிரூபிக்க உதவுவதுதான் சான்று.

‘பிறகு’ எப்போது ‘அதனால்’ ஆகும்?

விளக்கக் கட்டுரையின் உயிர் காரணம்–விளைவுச் சொற்களில் இருக்கிறது. இதற்கு இந்த ஊரில் தானே புயலைவிட நல்ல பாடம் கிடையாது. 2011 டிசம்பர் 30 அன்று புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்தது. இப்போது படிக்கும் பிள்ளைகள் அதைப் பார்த்திருக்க மாட்டார்கள், ஆனால் வீட்டில் கதை கேட்டிருப்பார்கள். ஓர் இரவில் பண்ருட்டி வட்டாரத்து முந்திரியும் பலாவும் சாய்ந்தன என்பதைத் தாத்தா பாட்டி சொல்லாத வீடு இல்லை.

ஒரு பிள்ளை எழுதினாள்: “தானே புயல் வந்தது. அதனால் எங்கள் மாமா திருப்பூர் போனார்.”

நான் ‘அதனால்’ என்பதை அடித்துவிட்டு ‘பிறகு’ என்று எழுதினேன். அவளுக்குக் கோபம். “புயலால்தாம்மா போனாரு!” நான் சொன்னேன்: நீ சொல்வதை நம்புகிறேன், ஆனால் தாளில் இருப்பது நம்பவைக்கவில்லை. புயலுக்கும் திருப்பூருக்கும் நடுவே என்ன நடந்தது? ஒவ்வொரு படியாகச் சொல்லு.

படிகள் வந்தன. புயலில் முந்திரித் தோப்பு சாய்ந்தது. புதுக் கன்று வைத்தாலும் காய்க்கச் சில வருடம் ஆகும். அதுவரை வருமானம் இல்லை. தோப்புக்காக வாங்கிய கடன் நிற்கிறது. ஊரில் எல்லாத் தோப்பும் சாய்ந்ததால் கூலி வேலையும் இல்லை. மாமா திருப்பூருக்குப் போனார். ஆறு படி. “இப்போது நீ ‘அதனால்’ போட்டுக்கொள்” என்றேன். அவள் எழுதிய இறுதி வடிவத்தில் ‘அதனால்’ ஒரே ஓர் இடத்தில்தான் வந்தது. மற்றப் படிகளுக்கு ‘சாய்ந்ததால்’, ‘காய்க்கும்வரை’, ‘விளைவாக’ என்று வேறு வேறு கயிறு கட்டியிருந்தாள்.

இதை வகுப்பில் விளையாட்டாகவே செய்யலாம். ‘பிறகு’ என்று எழுதிய இரண்டு வாக்கியங்களைக் கொடுங்கள். நடுவில் எத்தனை படி சேர்த்தால் ‘அதனால்’ என்று மாற்ற வகுப்பு சம்மதிக்கும் என்று பாருங்கள். சிலவற்றுக்கு எத்தனை படி சேர்த்தாலும் சம்மதம் கிடைக்காது. ‘பூனை குறுக்கே போனது. பிறகு பேருந்து தவறியது.’ (மறுபடியும் பூனை. என்ன செய்வது.)

களை எடுப்பது

எதிர்வாதத்தை எழுதச் சொன்னால் பிள்ளைகளுக்குப் பயம். எதிராளி சொன்னதை நாமே எழுதினால் தோற்றுவிடுவோம் என்று நினைக்கிறார்கள். பட்டிமன்றம் பார்த்து வளர்ந்தவர்கள் வேறெப்படி நினைப்பார்கள்?

இங்கே எனக்குக் கை கொடுத்தது நன்னூல். பவணந்தியார் 13-ஆம் நூற்றாண்டிலேயே ஒரு நூலாசிரியர் மற்றவர் கருத்தோடு எப்படியெல்லாம் நடந்துகொள்ளலாம் என்று ‘எழுமதம்’ சொல்லிவைத்திருக்கிறார். உடன்படல், மறுத்தல் என்று தொடங்குகிறது பட்டியல். மூன்றாவது, ‘பிறர்தம் மதம் மேற்கொண்டு களைவு’. பிறர் கருத்தை முதலில் ஏற்றுக்கொண்டு, அப்புறம் அதை நீக்குவது. ‘களைவு’ என்றதும் வயல் வீட்டுப் பிள்ளை ஒருவன், “களை எடுக்குறதாம்மா?” என்றான். அதேதான். பயிருக்குள் கையை விட்டு, எது களை எது பயிர் என்று பார்த்துப் பிடுங்க வேண்டும். வரப்பில் நின்றபடி ‘எல்லாம் களை’ என்று கத்தினால் வேலை நடக்காது.

பயிற்சிக்கு மீன்பிடித் தடைக்காலத்தை எடுத்தேன். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. முன்பு 45 நாளாக இருந்தது, 2017-இல் 61 ஆனது. வகுப்பில் பாதி வீட்டுச் சோறு இதில் இருக்கிறது. தடை வேண்டும் என்று எழுதப்போகிறவர்களை, முதலில் வேண்டாம் என்பவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து அவர்கள் சொல்வதை எழுதிவரச் சொன்னேன். நிபந்தனை ஒன்று: எழுதியதைப் படித்துவிட்டு “ஆமா, நான் சொன்னது இதான்” என்று எதிராளி கையெழுத்துப் போட வேண்டும்.

கையெழுத்துக்காக இரண்டு நாள் அலைந்தார்கள். அதில் வந்த ஒரு பத்தி:

“தடைக்காலத்தில் விசைப்படகில் கூலிக்குப் போகும் குடும்பங்களுக்கு வருமானம் நின்றுவிடுகிறது என்பது உண்மையே. ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது வட்டிக்கு வாங்கித்தான் நோட்டும் பையும் எடுக்கிறார்கள். எனினும், மீன் முட்டையிடும் காலத்தில் வலை போட்டால் நாளைக்குப் பிடிக்க வேண்டிய மீனை இன்றே அழிக்கிறோம். எனவே தடையை நீக்குவதைவிட, நிவாரணத் தொகையைத் தடை தொடங்கும் முன்பே கையில் கொடுப்பது பொருத்தமாக இருக்கும்.”

‘உண்மையே’ என்ற சொல்லுக்குப் பின்னால் அவள் நிறுத்தவில்லை என்பதைக் கவனியுங்கள். நோட்டையும் பையையும் எழுதினாள். ஒப்புக்கொள்வதை ஒரே வரியில் ஒப்புக்குச் சொல்லிவிட்டுத் தாண்டினால் படிப்பவர் நம்ப மாட்டார். முடிவும் அதனால்தான் மாறியது. தடை வேண்டும் என்று மொட்டையாகத் தொடங்கியவள், நிவாரணம் எப்போது வர வேண்டும் என்பதில் வந்து நின்றாள்.

ஓர் எச்சரிக்கை. மீன் கூட்டத்தை வளைத்துச் சுருக்கிப் பிடிக்கும் சுருக்குமடி வலையை நான் வகுப்பில் எடுப்பதில்லை. அதில் ஊருக்கு ஊர் பகை உண்டு. இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் என் முன்னால் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். சூடான தலைப்பு வேறு, எரியும் தலைப்பு வேறு. உங்கள் ஊரில் எது எரிகிறது என்று உங்களுக்குத்தான் தெரியும்.

கேள்வி என்ன கேட்கிறது?

இது சின்ன விஷயம், ஆனால் மதிப்பெண் போவது இங்கேதான். ‘விவரி’, ‘விளக்கு’, ‘ஒப்பிடு’, ‘வேறுபடுத்து’, ‘காரணம் கூறு’, ‘நிறுவுக’ எல்லாவற்றுக்கும் பிள்ளைகள் ஒரே விடையை எழுதுவார்கள்: தெரிந்த எல்லாவற்றையும். நான் ஒரே பொருளை ஆறு கேள்வியாகக் கேட்பேன். தெரு டீக்கடையை விவரி என்றால் கண்ணுக்குத் தெரிவதைச் சொல்ல வேண்டும். டீ போடுவதை விளக்கு என்றால் வரிசை வேண்டும். இரண்டு கடையை ஒப்பிடு என்றால் ஒற்றுமையும் வர வேண்டும். இந்தக் கடை டீதான் நல்ல டீ என்று நிறுவுக என்றால், ‘நல்ல டீ’ என்றால் என்ன என்று முதலில் வரையறுத்தாக வேண்டும். ஒரே வகுப்பில் முடிந்துவிடும். பாட்டு, பகடி எல்லாம் தேவையில்லை.

பொதுத்தேர்வில் 8 மதிப்பெண் கட்டுரைக்குக் குறிப்புகள் கொடுத்திருப்பார்கள். முன்னுரை, உட்தலைப்பு, முடிவுரை என்ற சட்டகத்தை நான் எதிர்ப்பதில்லை. அந்தச் சட்டகத்துக்குள் ஒரு குறிப்பிலிருந்து அடுத்த குறிப்புக்கு எந்தச் சொல்லைப் பிடித்துப் போவது என்று மட்டும் பென்சிலால் முதலில் குறித்துக்கொள்ளச் சொல்வேன். அதற்கு இரண்டு நிமிடம் ஆகும்.

‘கூறினார்’ மட்டும் போதுமா?

செய்தித்தாளில் ஒரு பத்தியை எடுத்து, ‘கூறினார்’ வரும் இடங்களில் கோடு போட்டுக் கொடுங்கள். “இரண்டு நாளாகக் குடிநீர் வரவில்லை என்று அதிகாரி ______.” ‘ஒப்புக்கொண்டார்’ என்று நிரப்பினால், முதலில் மறைத்தார் என்ற வாடை வருகிறது. ‘சுட்டிக்காட்டினார்’ என்றால் அவர் சொன்னது உண்மை என்று நாமும் சேர்ந்து சொல்கிறோம். ‘வாதிட்டார்’ என்றால் கொஞ்சம் தள்ளி நிற்கிறோம். ‘மழுப்பினார்’ என்று ஒருவன் எழுதினான். அது அதிகாரியைப் பற்றிய நம் தீர்ப்பு, ஆகவே அதற்குத் தனியாகக் காரணம் சொல்ல வேண்டும் என்றேன். சொன்னான். அவர்கள் தெருவில் நிஜமாகவே இரண்டு நாளாகத் தண்ணீர் வரவில்லை.

சிவப்பு மை

கட்டுரை திருத்தும்போது நீளமாகக் குறிப்பு எழுதினால் யாரும் படிப்பதில்லை. இதிலும் நன்னூல்தான். நூலுக்கு வரும் பத்துக் குற்றத்தில் ஐந்தை எடுத்துச் சுருக்கக் குறியாக ஓரத்தில் போடுகிறேன். கூ.கூ. என்றால் கூறியது கூறல். மா.கூ. என்றால் மாறுகொளக் கூறல், மேலே சொன்னதற்குக் கீழே முரணாகச் சொல்லியிருக்கிறாய். ம.வி. மற்றொன்று விரித்தல், தலைப்பை விட்டுவிட்டாய். வெ.தொ. வெற்றெனத் தொடுத்தல், சொல் மட்டும் இருக்கிறது. செ.தே. சென்று தேய்ந்து இறுதல், நன்றாகத் தொடங்கிப் போகப் போக இளைத்துவிட்டது. பிள்ளைகள் இந்தக் குறிகளை என்னைவிட வேகமாகப் பிடித்துக்கொண்டார்கள். காலைக் கூட்டத்தில் ஒருவர் நீளமாகப் பேசிக்கொண்டிருந்தபோது பத்தாம் வகுப்பு வரிசையிலிருந்து “ம.வி., செ.தே.” என்று முணுமுணுப்புக் கேட்டது. எனக்குக் கேட்காத மாதிரி நின்றேன்.

குறி மட்டும் போட்டுத் திருப்பிக் கொடுங்கள், திருத்தத்தை நீங்கள் எழுதாதீர்கள். அதே பத்தியை அவர்களே மறுபடி எழுதி வர வேண்டும். முழுக் கட்டுரையை மாதத்துக்கு நான்கு எழுதவைப்பதைவிட, ஒரே பத்தியை நான்கு முறை எழுதவைப்பது எனக்குப் பலன் தந்திருக்கிறது. திருத்துகிற நமக்கும் உயிர் மிஞ்சும்.

அந்தப் பழைய சார்ட்டின் பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. ஒட்டுநாடா போட்டுச் சேர்த்து அதையே திருப்பி மாட்டியிருக்கிறேன். இடப்பத்தி, வலப்பத்தி. பிள்ளைகள் பிடித்து வரும் பேச்சுச் சொல்லை இடப்பக்கம் அவர்களே எழுதலாம். வலப்பக்கம் எழுத வகுப்பில் பெரும்பான்மை சம்மதிக்க வேண்டும். ‘அதுக்காக?’ என்ற சொல் மட்டும் ஜூலையிலிருந்து எதிரே ஒன்றும் இல்லாமல் நிற்கிறது. ‘நீ சொன்ன காரணம் உண்மையாகவே இருக்கட்டும், ஆனால் அதிலிருந்து உன் முடிவு வராது’ என்பதை ஐந்தெழுத்தில் சொல்லிவிடுகிற சொல் அது. எழுத்துத் தமிழில் அதற்கு நேரான ஒரு சொல் எனக்குத் தெரியவில்லை. ‘அதனால் மட்டும் ஆகிவிடாது’ என்று நான் கொடுத்ததை நீளம் என்று தள்ளிவிட்டார்கள். ‘ஆயின் என்?’ என்று ஒருத்தி கொண்டுவந்தாள், செய்யுள் வாடை என்று அதுவும் தோற்றது. போன வெள்ளிக்கிழமை மின்விசிறிப் பையன் எழுந்து, “அம்மா, ‘அதற்காக?’ன்னே எழுதிட்டா என்ன?” என்றான். திங்கள்கிழமை வாக்கெடுப்பு.